கல்லட்டிக்கு 28 பல் போதாது: ஊட்டி ஏறும் சைக்கிள்காரர்கள் செய்யும் தவறுகள்

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறும் சாலையில், குளிர்கால ஞாயிறுகளில் ஒரு காட்சி மாறவே மாறாது. மிதியில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ தாரில் டக் டக்கென்று ஒலிக்க, விலையுயர்ந்த ரோடு பைக்கை உருட்டிக்கொண்டு நாலைந்து பேர் நடந்து போவார்கள். தெம்பில்லாதவர்கள் அல்ல. கோவையிலும் பெங்களூரிலும் நூறு கி.மீ. மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிடுகிறவர்கள்தான். ஹெல்மெட், பஞ்சர் டியூப், பம்ப் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களும் விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

ஊட்டி ஏற்றம் என்று ஒன்று இருப்பதாக நினைப்பது

ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அதற்கு ஏறும் சாலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழி போனால் சமதளத்தில் சில கி.மீ. கழித்து ஏற்றம் தொடங்கும். குன்னூர் வரை சராசரி 5 சதவீதம். 14 கொண்டை ஊசி வளைவுகள். பொறுமை இருந்தால் போதும், ஆனால் பேருந்தும் லாரியும் விடாது. கோத்தகிரி சாலை குஞ்சப்பனை வழியாக ஏறுகிறது. சரிவு கிட்டத்தட்ட அதேதான், வண்டி குறைவு. முதல் தடவை வருபவருக்கு அதுவே நல்லது. ஆனால் கோத்தகிரி வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவே இன்னும் 30 கி.மீ. அளவுக்கு ஏறி இறங்கி ஏறும் சாலை இருக்கிறது. தொட்டபெட்டா சந்திப்புக்குப் போகும் கடைசி ஏற்றத்தில்தான் பலருக்குக் கால் பிடித்துக்கொள்ளும்.

கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழி நீளம், சுமார் 50 கி.மீ. நிதானமான சரிவு. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடை பக்கம் இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானைக் காடு, தனியாகப் போகிற இடமில்லை.

கல்லட்டி தனி ரகம். மசினகுடியிலிருந்து சீகூர் வரை கிட்டத்தட்ட சமதளம். பிறகு ஊட்டிக்கு அருகே மேலே இருக்கும் தலைகுந்தா வரை ஏறக்குறைய 12 கி.மீ.யில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவுகள், சராசரி 9 சதவீதத்தை ஒட்டி. நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. அங்கே சரிவு சுமார் 8 சதவீதம்தான். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீஸ் என்ற பல நாள் சைக்கிள் பயணத்தில் கல்லட்டி நாளுக்கு அவ்வளவு பேச்சு இருப்பது சும்மா இல்லை.

மலைக்கு வந்த பிறகு கியரைப் பற்றி யோசிப்பது

எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். லட்ச ரூபாய்க்குக் கார்பன் சக்கரம் வாங்குகிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 34 பல் கேசட்டுக்கு (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு; பல் கூடினால் மிதிப்பது லேசாகும்) மாற மாட்டார்கள். கேட்டால் “கனமா இருக்கும் ப்ரோ” என்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். உடம்பு 75 கிலோ, சைக்கிள், தண்ணீர், கருவிப் பை சேர்த்து 11 கிலோ, மொத்தம் 86. முன்னால் 36 பல், பின்னால் 28 பல். மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.29 சுற்று சுற்றும். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9.7 கி.மீ. பத்து சதவீதச் சரிவில் அந்த வேகத்தைப் பிடிக்க ஏறக்குறைய 245 வாட் வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓட்டும் 75 கிலோ ஆள் ஒரு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் 180, 190 வாட். மீதி 55 வாட் எங்கிருந்து வரும்? வராது. மிதி 45-க்கு இறங்கிவிடும். முட்டிக்கு முன்பக்கம் வலி அங்கே தொடங்கும். சரிவு 15-ஐத் தொடும் துண்டுகளில் அந்த 45 சுற்றுக்கே 270 வாட் கேட்கும். அப்போது இரண்டே வழி: எழுந்து நின்று மிதிப்பது, இல்லையேல் இறங்கி நடப்பது. நின்று மிதித்து ஒன்றரை மணி நேரம் ஓட்ட முடியாது என்பதால் எல்லோரும் இரண்டாவதற்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

அதே ஆளுக்கு முன்னால் 34, பின்னால் 34 கொடுங்கள். ஒன்றுக்கு ஒன்று. 60 சுற்றுக்கு வேகம் 7.5 கி.மீ., தேவை 190 வாட். மெதுவாகத்தான் போவார். ஆனால் உட்கார்ந்தே போவார், வளைவுக்கு வளைவு நிற்காமல் போவார். கனம் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது: கேசட் நூறு கிராம் கூடினாலும் 86 கிலோவில் அது என்ன? முழு ஏற்றத்துக்கும் ஏழெட்டு வினாடி.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பணம் நிஜமாகவே போவது அங்கேதான். முதலில், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் ரியர் டிரெய்லியர் அந்தப் பல்லை ஏற்குமா என்று பாருங்கள். ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கூண்டு (டிரெய்லியரில் செயினைத் தாங்கும் கீழ்ப்பகுதி) 30 பல் வரைதான். நீளக் கூண்டு 34 வரை. பெயர் ஒன்று, பாகம் வேறு. அடுத்தது செயின். 28 பல்லுக்கு வெட்டிய செயினை 34 பல்லுக்கு அப்படியே விட்டால் வண்டி ஓடும், சமதளத்தில் ஒன்றும் தெரியாது. களைப்பில் என்றைக்கோ பெரிய முன்பல்லில் இருந்தபடியே பெரிய பின்பல்லுக்குத் தட்டினால் செயின் கம்பியாக இழுத்துக்கொள்ளும். டிரெய்லியர், அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கரோடு பிய்ந்து, ஆரங்களுக்குள் போய்விடும். செயினில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அங்கே காலி. புதுச் செயினை டிரெய்லியருக்குள் விடாமல், இரண்டு பெரிய பற்களையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் ஒரு ஜோடி இணைப்பு கூட்டி வெட்ட வேண்டும்.

இன்னொரு சின்னப் பாகம் இருக்கிறது. ஷிமானோவின் 11 வேக 11-34 கேசட்டை 11 வேக ரோடு ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) ஏற்றும்போது அடியில் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் போட்டாக வேண்டும். அது இல்லாவிட்டால் பூட்டு வளையமான லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினாலும் கேசட் தளதளவென்று ஆடும். கியர் ஒருபோதும் நிலையாக நிற்காது. டிரெய்லியரைத் திருகித் திருகியே ஒரு நாள் போய்விடும். கேசட் ஏறியதும் டிரெய்லியரின் பி-ஸ்க்ரூவைத் திருகி, கூண்டுக்குள் மேலே இருக்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி சக்கரம் பெரிய பல்லை உரசாதபடி 5, 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். செயின் ஆரப் பக்கம் தாண்டாமல் தடுக்கும் லோ லிமிட் திருகையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் ஊரில், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு முடிந்திருக்க வேண்டும். மசினகுடி விடுதி வாசலில், முந்தின இரவு, செல்போன் வெளிச்சத்தில் அல்ல. ரயிலிலோ காரிலோ வண்டியை வலப்பக்கமாகப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் டிரெய்லியர் கூண்டு பல்லுக்கு நேராகத் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்து நின்றால், ஏற்றத்தில் 34-க்குத் தட்டும் முதல் தடவையே செயின் ஆரத்துக்குள் விழும்.

36/28-ஐ வைத்துக்கொண்டே ஏறுகிறவர்கள் உண்டு. அவர்கள் 60 கிலோ எடைக்காரர்கள், வருஷக்கணக்காக மலை ஓட்டியவர்கள். அவர்கள் வண்டியைப் பார்த்து உங்கள் வண்டிக்குக் கியர் வாங்காதீர்கள்.

எல்லா வளைவையும் ஒரே மாதிரி எடுப்பது

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் ஏறும்போது இடது கொண்டை ஊசியில் நீங்கள் வளைவின் உள்பக்கம், அதாவது மிகச் செங்குத்தான இடம். வலது கொண்டை ஊசியில் வெளிப்பக்கம், சரிவு படுத்திருக்கும். வலது வளைவில் மூச்சு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். இடது வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரை இறக்குங்கள். வளைவுக்குள் முழு அழுத்தத்தில் தட்டினால் செயின் கழன்றுவிடும், கிளீட்டிலிருந்து காலை எடுப்பதற்குள் சாய்ந்திருப்பீர்கள். மேலிருந்து எதுவும் வரவில்லை என்று தெரிந்தால் ஒரு மீட்டர் வெளியே விலகி எடுக்கலாம். பேருந்துச் சத்தம் கேட்டால் உள்ளேயே இருங்கள், வேண்டுமானால் இறங்கிவிடுங்கள். நீளப் பேருந்துக்கு அந்த வளைவில் முழுச் சாலையும் வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வருவது

பயந்தவர் செய்வது இது, பயப்படாதவரைவிட ஆபத்தானது. குன்னூரிலிருந்து கல்லாறு வரை 86 கிலோ இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் எவ்வளவு காற்றுக்குப் போகிறது, எவ்வளவு சக்கர விளிம்பான ரிம்முக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. ஒன்பது சதவீத இறக்கத்தில் 25 கி.மீ. வேகத்திலேயே பிடித்து வைத்தால் காற்று தின்பது 70 வாட்தான். 400 வாட்டுக்கு மேல் விடாமல் பிரேக்கில் இறங்கும். ரிம் பிரேக் என்றால் டியூப் வெடிக்கும், கார்பன் ரிம் என்றால் படலம் பிரியும். டிஸ்க் என்றால் பேட் பளபளவென்று மெழுகி, லீவர் கைப்பிடி வரை வரும்.

நேர்ப்பாதையில் பார்வை எட்டும் வரை வண்டியை ஓட விடுங்கள், காற்று வேலை செய்யட்டும். வளைவுக்கு முன்பு, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் அந்த நேரத்தில்தான் ரிம் ஆறும். கை டிராப்பில், அதாவது ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். மேலே பிரேக் லீவரின் மூடியான ஹூட்டில் பிடித்தால் அரை மணியில் விரல் மரத்துப்போகும். ரிம் பிரேக் வண்டியில் லேடெக்ஸ் டியூப், எடை குறைந்த டிபியு (பிளாஸ்டிக் வகை) டியூப் இரண்டுமே வேண்டாம், சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் போடுங்கள். மெதுவாகப் போக வேண்டியிருந்தால், மணிக்கு 15-இல் போங்கள், இரண்டு மூன்று கி.மீ.க்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொடாமல், அருகே விரலை வைத்துச் சூட்டைப் பாருங்கள்.

கல்லட்டியில் இறங்குவது

வேண்டாம். 2018-இல் இங்கே நடந்த கார் விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை; கூட வரும் காருக்குத் தலைகுந்தாவிலேயே தடை. சைக்கிளை யாரும் நிறுத்தவில்லை என்பதற்காக இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. ஏறி முடித்துக் கூடலூர் வழியாக இறங்குங்கள்.

விடியுமுன் கிளம்புவது

சமவெளியில் நல்ல பழக்கம். இங்கே அல்ல. மசினகுடி, சீகூர் பக்கம் முழுக்க யானை நடமாட்டம். சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை, விளக்கும் போதாது. நன்றாக வெளிச்சம் வந்தபின், கூட்டமாகக் கிளம்புங்கள். தெப்பக்காடு பக்கமிருந்து காட்டுக்குள் வருவதானால் சோதனைச் சாவடியில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். குஞ்சப்பனை, பர்லியாறு பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை சாலைக்கே வரும். முன்னால் காரெல்லாம் நின்றிருந்தால் நீங்களும் நில்லுங்கள், ஓரமாகப் புகுந்து போகாதீர்கள். கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைக்கும் அதே மரியாதை.

வழியில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்பது

வாங்க முடியாது. நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. சாலையோரம் குடிநீர் ஏ.டி.எம். இருக்கும், அதற்குச் சில்லறைக் காசு வேண்டும். எல்லாம் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். கல்லட்டிக்கு 750 மில்லி பாட்டில் இரண்டு, ஒன்றில் உப்புக் கரைசல். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து கணக்கு: இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் கடலைமிட்டாயும். பசித்தபின் சாப்பிட்டால் தாமதம்.

குளிரை மேலே போனபின் நினைப்பது

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். வியர்த்து ஏறியவர் அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் போதும், பல் தந்தியடிக்கும். காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், முழுவிரல் கையுறை. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

மழையை ஒரே மழையாகப் பார்ப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைவது மேற்குப் பக்கம்: கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடி வாங்குவது கிழக்கு: குன்னூர், கோத்தகிரி, பர்லியாறு. 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு பக்கம் மழை என்றால் மறுபக்கம் பெரும்பாலும் ஓட்டலாம்; ஊட்டி முழுக்க மழை என்று டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை.

ஏப்ரல், மே

வராதீர்கள். வந்தே ஆக வேண்டுமென்றால், சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். கூட வரும் காருக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.