வில்லுப்பாட்டுக்கும் மகுடத்துக்கும் அரசு நிதி கேட்பது எப்படி?

ஊர்த் தெய்வக் கோயில்களில் நடக்கும் கொடை விழாவுக்குப் பணம் திரட்டுவது திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய காரியமன்று. வரி பிரிப்பார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பி வைப்பார்கள், பந்தற்காரரும் மேளக்காரரும் முன்பணம் வாங்கிக்கொண்டு தேதியைக் குறித்துவிடுவார்கள். ஆனால் அந்த இரவுகளில் வில்லடிப்பவரிடமும், கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோற்கருவியை அடிப்பவரிடமும், கொடை இல்லாத மாதங்களில் உங்களிடம் பாடம் கேட்க யார் வருகிறார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. விழாவை ஊர் பார்த்துக்கொள்ளும். கற்பவர், கருவி, கூடிப் பழக ஓரிடம் ஆகிய மூன்றுக்கே அரசுப் பணம் தேவைப்படுகிறது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகே மனு எழுத உட்கார வேண்டும்.

எந்தப் பணம் எதற்கு ஆகும் என்பதை அறியாமல் மாநகராட்சி வாசலில் நிற்பவர்கள் அதிகம். 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைச் சொல்கிறது. அவற்றுள் 13-ஆவது, பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பதாகும். மனுவில் இதை ஒரு வரியில் மேற்கோள் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் பணி ஒப்படைக்கப்பட்டதால் அதற்கான பணமும் கூடவே வந்துவிடவில்லை. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில், பத்து லட்சம் மக்கள்தொகையை எட்டாத நகரங்களுக்கு உரியதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டைக்கூடச் சம்பளத்துக்குச் செலவிட இயலாது என்றே விதித்திருந்தது. 2015-இல் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் நகரம் ஒன்றுக்கு மத்திய அரசின் பங்காக 500 கோடி ரூபாய் வரை ஒதுக்கப்பட்டு, 2017-இல் திருநெல்வேலியும் அதில் இடம்பெற்றது. ஆனாலும் அந்தப் பணம் பேருந்து நிலையங்களாகவும் கட்டடங்களாகவுமே உருமாறியது. 2025 மார்ச் 31-உடன் அத்திட்டம் முடிந்தும்விட்டது. ஆகையால் மாநகராட்சியிடம் கலைஞரின் சம்பளத்தைக் கேட்பது வீண் அலைச்சல். கூடம், மேடை, விளக்கு, கழிப்பறை என்று கேட்டால் காது கொடுப்பார்கள்.

குழுவைச் சங்கமாகப் பதிவு செய்வது அடுத்த வேலை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்துவர வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க இயலும் என்ற முறையில் இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் கோயிலின் பெயரோ சாதியின் பெயரோ வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கொடுத்த முதல் மனுவில், எங்கள் தெரு அம்மனின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு, ‘கொடை விழா வில்லுப்பாட்டுக்கு நிதி’ என்று எழுதியிருந்தோம். சமய நிகழ்ச்சிக்கு நிதி வழங்க வழியில்லை என்ற ஒற்றை வரிக் குறிப்போடு அது ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை; பிழை எங்களுடையதே. கோபம் வந்தது அந்த ஐந்து மாதத்துக்குத்தான்.

தனிக் கலைஞருக்கு உரியதைச் சங்கத்தின் மனுவோடு கலக்கக் கூடாது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் தம் பெயரைப் பதிந்து உறுப்பினர் அட்டை பெற்றிருக்க வேண்டும். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து ஆகியவற்றுக்கான உதவிகள் அதன் வழியே கிடைக்கும். கருவியும் ஆடை அணிகலனும் வாங்குவதற்கான உதவி, நலிந்த நிலையில் உள்ள மூத்த கலைஞருக்கான மாத உதவித்தொகை ஆகியவற்றைத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழங்குகிறது. இவற்றின் படிவங்களையும் கடைசித் தேதியையும் திருநெல்வேலியில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் கேட்டறியலாம். சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டிய அவசியமில்லை.

என் பார்வையில் இருப்பவற்றுள் மிகவும் உருப்படியானது குரு–சீடர் பயிற்சித் திட்டம்தான். தஞ்சாவூரில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையம், மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் உள்ள மண்டல மையங்களுள் ஒன்று. அது நடத்தும் இத்திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாயும், துணைக் கலைஞருக்கு 3,750 ரூபாயும், மாணவருக்கு 1,500 ரூபாயும் என அறிவிக்கப்பட்டிருக்கிறது. தொகை சிறிதுதான், ஒரு கொடை இரவில் வில்லுப்பாட்டை முன்னின்று பாடும் நல்ல புலவர் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிரிப்புக்கூட வரலாம். ஆனால் பணம் வரும் மாதங்கள் கொடை இல்லாத மாதங்கள் என்பதையும், வகுப்புக்கு வந்தால் கையில் ஏதோ கிடைக்கிறது என்று தெரிந்தால் பையனை வேறு வேலைக்கு அனுப்ப நினைக்கும் தாய் சற்றே பொறுத்திருப்பாள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இதற்கு விண்ணப்பிக்கும்போது கலையின் பெருமையை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, பாடத்திட்டத்தை விரிவாக எழுத வேண்டும். வில்லுப்பாட்டு என்றால், முதல் மூன்று மாதம் குடமும் கட்டையும் தாளமும், பிறகு உடுக்கை, பிறகு வில்லை அடிக்கும் வீசுகோலைப் பிடித்துக் காப்பும் (தொடக்க வணக்கம்) வருபொருளும் (சொல்லப்போகும் கதையை அறிவிப்பது) பாடுவது என்று மாதவாரியாகக் காட்டுங்கள். மகுடம் என்றால், உச்சம், மந்தம் என்னும் இணை மகுடங்கள் இரண்டுக்கும் தனித்தனி மாணவர் யார் என்பதையும் குறிப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து பேசுவதுதான் அந்த வாத்தியம் என்பது விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பெரிய கருத்தரங்கமோ கலைவிழாவோ நடத்துவதாக இருந்தால், மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் நிகழ்ச்சி, தயாரிப்பு மானியம் உண்டு. வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். செலவில் ஒரு பங்கைச் சங்கமே ஏற்க வேண்டும். பதிவு செய்து ஓராண்டுகூட ஆகாத சங்கம் இதில் நேரத்தைச் செலவிடாதிருப்பது நல்லது.

இனி இடம். திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளும் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என நான்கு மண்டலங்களில் அடங்கும். நகர்ப்புறங்களில் 2022 முதல் நடைபெறும் பகுதி சபை என்னும் வார்டு மக்கள் கூட்டத்தில் உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்பதை அன்றே பார்த்துவிட வேண்டும். கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது தேநீர்க் கடையோடு நின்றுவிடும். பிறகு மண்டல அலுவலகப் பொறியாளரிடம் மதிப்பீடு தயாரிக்கக் கேட்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். 6 லட்சம் ரூபாய்க் கூடத்துக்கு 2 லட்சம் தெருவிலிருந்து வர வேண்டும். கொடைக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு இது எட்டாத தொகையன்று. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடியும் மக்களவை உறுப்பினருக்கு 5 கோடியும் தொகுதி மேம்பாட்டு நிதியாக உண்டு; ஆனால் வழிபாட்டுத் தலத்துக்குள் அந்தப் பணத்தில் பணி எடுக்க முடியாது. ஆகவே இடம் மாநகராட்சி நிலமாகவோ புறம்போக்காகவோ இருக்கிறதா என்பதை நில ஆவணத்தில் பார்த்துக்கொண்டே இடத்தைக் காட்ட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரித்தான் வேலை நடக்கும் என்பதால், ‘நம்ம கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொள்கிறோம்’ என்ற பேச்சையும் அங்கே எடுக்க வேண்டாம்.

மதிப்பீட்டு வரைபடத்தை வாங்கிப் பார்ப்பதைத் தவற விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் எட்டடி அகல மேடை வரைந்திருந்தார்கள். மைக் முன்னால் நின்று பேச அது போதும். பத்தடி வில்லைக் குடத்தின் மேல் கட்டி, நடுவே புலவரும், பக்கத்தில் குடக்காரரும் உடுக்கைக்காரரும், எதிர்ப்பாட்டுக்காரரும் தரையில் உட்கார அதில் இடமேது? காகிதத்தில் இருக்கும்போதே சொன்னதால் பதினாறடியாக மாற்றிக் கொடுத்தார்கள். மகுடக்காரருக்கு வேறொரு தேவையும் உண்டு. தோல் தளர்ந்தால் ஓலையைக் கொளுத்தி அனல் காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள். தரை முழுவதும் ஓடு பதித்துவிட்டால் அதற்கு இடமிருக்காது. கூடத்தின் ஓரத்தில் கூரையில்லாத நாலடி மண்தரை வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பணம் வந்த பிறகு செய்ய வேண்டியது கணக்கு. மத்திய மானியமாக இருந்தால், 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 12-அ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. இங்கேதான் நம் கலைகளுக்கே உரிய ஒரு சிக்கல் முளைக்கும். உடுக்கை செய்பவரும், காருக்குறிச்சியில் குடம் வனைபவரும், வில்லுக்குப் பனைமரம் சீவித் தருபவரும் ஜிஎஸ்டி ரசீது கொடுப்பதில்லை. அதற்காகப் பாத்திரக் கடையில் ரசீது வாங்கி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். தணிக்கையில் மாட்டிக்கொள்வதும் உண்டு, கருவி செய்தவரின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போவதும் உண்டு. வெள்ளைத் தாளில், இன்னார் இன்ன தேதியில் இத்தனை அங்குல வாயுள்ள குடம் ஒன்று செய்துகொடுத்து இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டார் என்று எழுதி, அவர் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டி, செய்தவரும் குடமும் சேர்ந்து தெரியும் புகைப்படம் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். கூடவே மாணவர் வருகைப் பதிவேட்டின் நகலையும் வைத்து, முழுக் கட்டின் இன்னொரு பிரதியைச் சங்கத்தின் அலமாரியில் பூட்டி வையுங்கள். இருக்கை மாறி வரும் புதிய அலுவலர் மறுபடியும் கேட்பார்.