வீட்டு சர்வரை வெளியுலகுக்குத் திறப்பது: போர்ட் ஃபார்வர்டிங் செய்முறை

வீட்டில் ஓட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் உங்கள் வைஃபைக்குள் ஜோராக ஓடும். வெளியே இருக்கும் நண்பருக்குத் திறக்காது. வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாமல் தள்ளிவிடுவதுதான் காரணம். அதைச் சொல்லி வைப்பதே போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்.

படி 1: பொது ஐபி இருக்கிறதா?

பொது ஐபி என்பது இணையத்தில் உங்கள் வீட்டை அடையாளம் காட்டும் முகவரி. பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போய், வேன் ஐபி (WAN IP, இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்ன என்று பாருங்கள். அப்புறம் உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் சரி.

வேன் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. இதன் பெயர் சிஜிநாட். இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் என்ன செய்தாலும் பலிக்காது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்க வேண்டும். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. முன்னால் இருக்கும் அந்த ரவுட்டரை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலைக்கு, மாற்றுங்கள்.

படி 2: உள் முகவரியை நிலைப்படுத்துங்கள்

ரவுட்டரின் டிஎச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு உள் முகவரி தரும் வசதி) பக்கத்தில், சர்வர் கணினிக்கு ஒரு முகவரியை, உதாரணமாக 192.168.1.50, ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது அது மாறி, அடுத்த படியில் எழுதும் ஃபார்வர்டிங் விதி வேறு கருவியைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

படி 3: விதி எழுதுங்கள்

போர்ட் ஃபார்வர்டிங் என்ற பக்கம் இருக்கும். சில ரவுட்டர்களில் வர்ச்சுவல் சர்வர் என்று பெயர். வெளிப் போர்ட் 25565, உள் போர்ட் 25565, உள் முகவரி 192.168.1.50, நெறிமுறை (தரவை அனுப்பும் முறை) டிசிபி. இது மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு. பெட்ராக் பதிப்பானால் 19132, யுடிபி. டிசிபி, யுடிபி மாறிப்போனால் எந்த எச்சரிக்கையும் வராது, இணைப்பும் வராது. சேமித்துவிட்டு, கணினியின் ஃபயர்வாலிலும் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) அதே போர்ட்டை அனுமதியுங்கள்.

படி 4: வெளியிலிருந்து சோதியுங்கள்

வீட்டு வைஃபையிலிருந்தே பொது ஐபியைத் தட்டிப் பார்க்காதீர்கள். உள்ளிருந்து போகும் அந்த வழியைப் பல ரவுட்டர்கள் ஆதரிப்பதில்லை. சரியாக இருப்பதும் உடைந்ததுபோல் தெரியும். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்க ஆளில்லாத போர்ட்டை போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எந்தச் சோதனைத் தளமும் மூடியிருப்பதாகத்தான் சொல்லும்.

தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள். டிஎம்இசட் என்ற வசதி எல்லாப் போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும், தொடாதீர்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையும் நேரடியாகத் திறக்க வேண்டாம், அதற்கு விபிஎன் (வீட்டு வலைக்குள் வர மறையாக்கிய தனி வழி) போதும். பொது ஐபி அவ்வப்போது மாறுகிறதென்றால், மாறும் ஐபியை ஒரு பெயரோடு இணைத்து வைக்க ரவுட்டரிலேயே இருக்கும் டைனமிக் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயரைப் பதிந்து, எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை நண்பர்களுக்குக் கொடுங்கள்.