ஏன் எல்லாரும் யமஹா என்கிறார்கள்? அரேஞ்சர் கீபோர்டைக் கடையில் சோதித்து வாங்கும் முறை

நவம்பர் பிறந்தால் பெங்களூரில் தெருவுக்குத் தெரு, கர்நாடகா உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவா மேடை. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் மெல்லிசைக் குழு நடத்தும் நம் ஆட்களுக்கு அதுதான் சீசன். கன்னடப் பாட்டுதான் பிரதானம், இடையிடையே தமிழும் இந்தியும். அந்த மேடைகளில் கீபோர்டை எட்டிப் பாருங்கள். நான் பார்த்தவரை அதிகம் இருப்பது யமஹா, அடுத்தது கோர்க். "ஏன் யமஹா?" என்று கேட்டால் "சவுண்டு நல்லாருக்கும்" என்பார்கள். அது பாதி பதில்தான். கோர்க் சவுண்டுதான் ஒசத்தி என்று அடித்துப் பேசவும் ஆள் இருக்கிறார்கள். சவுண்டைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு: ஸ்டைல் ஃபைல் (பாட்டுக்குப் பின்னணித் தாளமும் இசையும் வாசிக்கும் ஃபைல்), கைப்பழக்கம். பளேபேட்டை இசைக்கருவிக் கடைகளுக்குப் போகும்போது இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: அரேஞ்சர்தானா என்று பாருங்கள்

இடது கையில் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்தால் டிரம்ஸ் ஓட, பேஸ், கிடார் எல்லாம் அந்தக் கார்டைத் தொடர வேண்டும். அதுதான் அரேஞ்சர். நம்மூரில் நிறைய விற்கும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 இந்த வகை இல்லை, அது சின்தசைசர். இந்திய டோன்கள் இருக்கும், சாம்பிளும் (பதிவு செய்த ஒலித்துண்டு) ஏற்றலாம். குழுவில் லீட் வாசிக்க அருமையானது. தனியாளாகச் சர்ச்சிலோ கல்யாண ரிசப்ஷனிலோ வாசிக்கப் போகிறவர் அதை வாங்கிவிட்டு "ரிதம் எங்கே?" என்று தேடக்கூடாது.

படி 2: மைனர் கார்டில் சோதியுங்கள்

ஏசிஎம்பி (பின்னணி இசை) பட்டனையும் சிங்க் ஸ்டார்ட்டையும் (கார்ட் பிடித்ததும் ஓடவைப்பது) போடுங்கள். இடது ஓரத்திலிருந்து ஒன்றரை ஆக்டேவ் வரை கார்டுக்கான இடம். அங்கே சி மேஜர் பிடித்ததும் ஸ்டைல் ஓடத் தொடங்கும்.

யமஹா ஸ்டைல் ஒன்றுக்குள் எட்டு டிராக் இருக்கும்: ரிதம் இரண்டு, பேஸ் ஒன்று, கார்ட் இரண்டு, பேட் ஒன்று, ஃப்ரேஸ் இரண்டு. பொதுவாக இவற்றைச் சி மேஜர் 7 கார்டில் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் எஃப் மைனர் பிடித்தால் ஒவ்வொரு டிராக்கையும் எந்த விதிப்படி மாற்றுவது என்பதும் அந்த ஃபைலிலேயே இருக்கும். அந்த விதி சரியாக எழுதப்படாத ஸ்டைல் மேஜரில் இனிக்கும், மைனருக்குப் போனதும் எங்கோ ஒரு கிடார் மேஜர் ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு உறுத்தும். அதனால் சி, எஃப், ஜி மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். ஏ மைனர், டி மைனர், ஈ 7 என்று சுற்றி வாருங்கள். கம்பெனி ஸ்டைல்கள் பெரும்பாலும் தேறிவிடும். உள்ளூரில் செய்து கைமாறும் குத்து ஸ்டைல்களில்தான் இந்தச் சிக்கல் வரும்.

படி 3: விரல் எந்தக் கம்பெனிக்குப் பழகியது?

மூன்று விரலால் முழுக் கார்ட் பிடிக்கத் தெரிந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். தெரியாதவர்கள் ஒற்றை விரல் முறையில்தான் தொடங்குவார்கள். யமஹாவில் ஒரு கட்டையை அழுத்தினால் மேஜர். அதோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர், இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். கேஸியோவின் சொந்த முறையில் மைனருக்கு வலப்பக்கம் ஏதாவது ஒரு கட்டையைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறும். சின்ன வயதில் டியூஷன் மாஸ்டர் வீட்டில் எது இருந்ததோ அதையே முப்பது வயதிலும் வாங்குகிறவர்கள் நிறைய பேர். காரணம் கேட்டால் சவுண்டு என்பார்கள்.

படி 4: ஓடும்போதே மாற்றிப் பாருங்கள்

யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசையில் ஒரே ஸ்டைலின் நான்கு வடிவங்களுக்கு மெயின் ஏ முதல் டி வரை நான்கு பட்டன். விலை குறைந்த இ வரிசையில் ஏ, பி இரண்டுதான். பல்லவிக்கு ஏ, சரணத்துக்கு பி என்றால் இரண்டு போதும். மேடையில் அனுபல்லவி, பிஜிஎம், கடைசிப் பல்லவி என்று ஏற்றிக்கொண்டே போக நான்கும் வேண்டும். கோர்க் பிஏ வரிசையிலும் நான்கு வேரியேஷன் உண்டு.

ஒன் டச் செட்டிங் லிங்க்கைப் போட்டுவிட்டு மெயினை மாற்றுங்கள். வலது கை டோனும் கூடவே மாறும். பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் புல்லாங்குழலிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்குத் தாவ இது பெரிய உதவி.

சர்ச்சில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: எண்டிங் (ஸ்டைலின் முடிவுப் பகுதி) ஓடும்போதே அதே பட்டனை இன்னொரு முறை அழுத்துங்கள், வேகம் படிப்படியாகக் குறைந்து முடியும். சபையார் கீர்த்தனையின் கடைசி வரியை இழுத்துப் பாடுவார்கள். டிரம்ஸ் முன்னாடியே முடித்துவிட்டு நின்றால் எல்லாரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

படி 5: கட்டையும் டிரான்ஸ்போஸும்

பாடகர் "ஒன்றரைக் கட்டை" என்பார். இங்கே கட்டை என்றால் சுருதி. ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. சி-யில் பழகிய பாட்டுக்கு ஒன்றரைக் கட்டை கேட்டால் டிரான்ஸ்போஸ் (மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதி) +1, ஐந்து கட்டைக்கு +7 அல்லது -5. அந்த பட்டன் பேனலிலேயே கையெட்டும் இடத்தில் இருக்கிறதா, மெனுவுக்குள் தேட வேண்டுமா என்று பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறும் குழுவில் இது ரொம்ப முக்கியம்.

படி 6: பென்டிரைவோடு போங்கள்

தெரிந்த வாசிப்பாளர் ஒருவரிடம் நாலைந்து ஸ்டைல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். "அண்ணா, இதைப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

யமஹாவின் பலம் இங்கேதான். 2002இல் வந்த டைரோஸ் மாடலுக்காகச் செய்த ஸ்டைல் 2019இன் எஸ்எக்ஸ்900 மாடலிலும் திறக்கும். பெரிய மாடலின் ஸ்டைலைச் சின்னதில் போட்டால் சில டோன் மாறி ஒலிக்கலாம், மிக்சர் பக்கத்தில் வேறு டோன் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். கீபோர்டு மாற்றினாலும் சேர்த்துவைத்த ஸ்டைல் வீணாகாது. பக்கத்துத் தெருக்காரரிடம் யமஹா இருந்தால் அவர் சேர்த்ததும் உங்களுக்கு உதவும். ஒருவர் வாங்கியதையே அடுத்தவரும் வாங்குவதற்கு இதுதான் காரணம்.

கோர்க்கிலும் ஸ்டைல் ஃபைல் எஸ்டிஒய் என்றுதான் முடியும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், யமஹா ஸ்டைல் அதில் நேரடியாக ஓடாது.

கோர்க் ஜெயிக்கும் இடமும் உண்டு. டோலக், டோல் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் தாளத்துண்டு) சாம்பிளாக ஏற்றி வாசிக்கிறவர்கள் பலர் பிஏ வரிசையைத்தான் விரும்புகிறார்கள். இரண்டு பாட்டு ஃபைலை ஒரே நேரத்தில் ஓட்டி ஒன்றிலிருந்து மற்றதற்கு நழுவும் வசதியும் இருக்கிறது. யமஹாவிலும் எக்ஸ்பான்ஷன் பேக் (கூடுதல் டோன், ஸ்டைல் தொகுப்பு) ஏற்றலாம், ஆனால் இடம் மாடலைப் பொறுத்தது: எஸ்எக்ஸ்600 என்றால் 100 எம்பி, எஸ்எக்ஸ்700 என்றால் 400 எம்பி, எஸ்எக்ஸ்900 என்றால் 1 ஜிபி. இந்தி, டாண்டியா நிகழ்ச்சிதான் உங்கள் பிழைப்பு என்றால் நான் கோர்க்கைத்தான் சொல்வேன். சர்ச், தமிழ்-கன்னட மெல்லிசை என்றால் யமஹா. உங்கள் குழுவில் எல்லாரும் கோர்க் வைத்திருந்தால் இதையெல்லாம் மறந்துவிட்டுக் கோர்க் வாங்குங்கள்.

படி 7: பின்பக்கம்

லைன் அவுட் (மிக்சருக்கோ ஸ்பீக்கருக்கோ ஒலி அனுப்பும் துளை) தனியாக இருக்கிறதா பாருங்கள். சின்ன மாடல்கள் பலவற்றில் ஹெட்போன் துளைதான் அவுட்புட்டும். பழைய பெடல் வைத்திருந்தால் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். கம்பெனி மாறினால் சில பெடல் தலைகீழாக வேலை செய்யும், காலை எடுத்தால்தான் சஸ்டெய்ன் (ஸ்வரம் நீண்டு ஒலிப்பது) வரும்.

வாங்கிய பிறகு முதல் வேலை: பென்டிரைவை எஃப்ஏடி32இல் ஃபார்மட் செய்து, ரிஜிஸ்ட்ரேஷன் (ஒரு பாட்டுக்கான டோன், ஸ்டைல் அமைப்பைச் சேமித்து வைப்பது), ஸ்டைல் எல்லாவற்றையும் அதில் பேக்கப் எடுங்கள். இன்னொரு நகல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். அப்புறம் முதல் நாலு ரிஜிஸ்ட்ரேஷனில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நாலு பாட்டை மட்டும் செட் செய்து, ஒரு வாரம் அதையே வாசியுங்கள்.