பழைய வீட்டு விடுதியில் தங்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர், செப்பனிட்ட பழைய வீடொன்றில் நடக்கும் பூட்டிக் ஹோட்டலில், அதாவது சில அறைகளே உள்ள சிறு விடுதியில், தங்கப் போவதாகச் சொல்லிப் படங்களை அனுப்பினார். எந்த அறை என்று கேட்டேன். "டீலக்ஸ்" என்றார். எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. விமர்சனங்களைப் படியுங்கள் என்பது போன்ற அறிவுரைகளை யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறையின் வகையை நம்பிப் பணம் கட்டுவது

பெரிய ஹோட்டலில் நான்காம் மாடி அறையும் ஐந்தாம் மாடி அறையும் ஒரே அச்சு. பழைய வீட்டில் ஒன்று வீட்டுக்காரரின் படுக்கையறையாக இருந்திருக்கும், இன்னொன்று சாமான் போட்டு வைத்த அறையாக இருந்திருக்கும். இணையத்தில் இரண்டும் டீலக்ஸ்தான். படத்தில் வருவது மட்டும் எப்போதும் படுக்கையறை.

முட்டிவலிக்கார அம்மாவை அப்படியொரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். படத்தில் தரைத்தளம், கிடைத்தது இரண்டாம் மாடி. செங்குத்தான மரப்படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, லிஃப்ட் இல்லை. மொத்தமே ஆறு அறைகள், ஆறிலும் ஆள். மாற்றித் தர அவர்களிடம் என்ன இருக்கும்? ரத்து செய்தால் பணம் திரும்பாத சலுகை விலையில் பதிவு செய்திருந்தது என் சாமர்த்தியம். அன்றிரவு இரண்டு விடுதிகளுக்குப் பணம் கட்டிவிட்டு ஒன்றில் தூங்கினோம்.

லிஃப்ட் இல்லாததற்கு விடுதிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய கட்டடத்தைப் பயன்படுத்துவது நல்லது, ஆனால் அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே சொல்கிறது. குளியலறை அலமாரி அளவுக்குச் சுருங்கிக் கிடப்பதும் பெரும்பாலும் இதனால்தான். என் கோபமெல்லாம் என் மேல்தான். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும்.

எந்தத் தளம், எத்தனை படிகள், குளியலறை அறைக்குள்ளேயா, ஜன்னல் எதைப் பார்த்தது என்று கேளுங்கள். கேட்ட பிறகு, குறிப்பிட்ட அந்த அறையே உங்களுக்கு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். நண்பர் கேட்டுப் பார்த்தார். அவருக்கு ஒதுக்கியிருந்தது சமையலறைக்கு மேலே இருந்த பரண்.

குளித்த பின் ஜன்னலை மூடியே வைப்பது

பழைய வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்புக் காரை ஈரத்தை இழுத்து மெல்ல வெளியே விடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அறை முழுவதும் பூஞ்சை வாடைதான். அந்தக் காரையின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துச் சுவர் கொப்பளித்திருந்தால், செப்பனிட்டவருக்குத் தொழில் தெரியாது என்று புரிந்துகொள்ளலாம்.

அறைக்குள் வைஃபை வரும் என்று நம்புவது

இரண்டடிச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதில் திணறும், 2.4 ஓரளவு தாங்கும். அலுவலக அழைப்பு இருந்தால் கூடத்தில் போய் உட்காருங்கள்.

சொல்லாமல் நள்ளிரவில் போய் நிற்பது

கதவைத் திறக்க ஆள் இருக்காது.

மரத்தரையில் காலணியோடு நடப்பது

கீழ் அறையில் இருந்தவன் நான். வேண்டாம்.