கணைக்கால் நோவு: உருவுவதற்கு முன் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள்

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கியதும், வன்னிப் பாடசாலை மைதானங்களின் இறுகிய தரையில் பிள்ளைகள் திடீரென நாள்தோறும் ஓடத் தொடங்குவார்கள். கணைக்கால் நொந்தால் ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதே எங்கள் வழக்கம். அதற்கு முன் எலும்பின் ஓரமாக ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். நோவு நீளமாகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் எலும்புறை அழற்சியே (எலும்பைப் போர்த்திய சவ்வு புண்பட்டு நோவது). ஒரு நாணயக் குற்றியளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று குத்தி, ஒற்றைக் காலில் துள்ளும்போது கூடினால், அங்கே மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும்.

முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் இவ்வெடிப்புத் தெரியாமல் போவது சாதாரணம் என்பதால், ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றவுடன் மீண்டும் ஓடக்கூடாது (என் மகனின் விடயத்தில் நாங்கள் விட்ட பிழை அதுதான்). கணைக்கால், பாத எலும்பு வெடிப்புகளில் பெரும்பாலானவை 6 முதல் 8 வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தினாலே ஆறிவிடும்; நோவில்லாவிட்டால் வைத்தியரிடம் கேட்டுச் சைக்கிள் ஓடலாம். ஆனால் தொடை மடிப்பில் நோவென்றால் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே வெடிப்பிருந்தால், தொடையெலும்பின் கழுத்து (இடுப்பு மூட்டோடு சேரும் ஒடுங்கிய பகுதி) முற்றாக முறியும் அபாயம் உண்டு. மாதவிடாய் தவறும் வீராங்கனைகள் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாமல் எலும்பு நலிவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.