தீக்காய வார்டில் மனநிலையைக் கேட்டறிவது எப்படி?

கட்டிலருகே உறவினர் நிற்க, "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வித்தாளைக் கையில் எடுக்குமுன் தனிமைக்கு வழி செய்யுங்கள். "ஸ்டவ் வெடித்தது" என்று பதிவான காயத்துக்குப் பின்னால் வீட்டு வன்முறையோ தற்கொலை முயற்சியோ இருக்கலாம். அதற்குக் காரணமானவரே துணைக்கு உட்கார்ந்திருக்கவும் கூடும். உறவினரை வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும். பிசியோதெரபி நேரத்திலோ டிரஸ்ஸிங் அறையிலோ கேட்பது எளிது.

ஆனால் டிரஸ்ஸிங் முடிந்த கையோடு வேண்டாம். வலியும், கெட்டமின், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளின் மயக்கமும் தெளியட்டும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று முதலில் கேளுங்கள். பதில் தாறுமாறாக வந்தால், பேச்சு மணிக்கு மணி மாறினால், அது டெலீரியமாக (உடல் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பமாக) இருக்கலாம். கிருமித்தொற்று, சோடியம் குறைவு, குடியைத் திடீரென நிறுத்தியது என்று காரணம் உடலில் இருக்கும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், கேள்வித்தாள் பிறகு.

தெளிவாக இருப்பவரிடம், மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.க்யூ-2 என்ற சிறு கேள்வித்தாள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்று இரண்டே கேள்விகள். 'இல்லவே இல்லை' 0, 'சில நாள்' 1, 'பாதி நாளுக்கு மேல்' 2, 'ஏறக்குறைய தினமும்' 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அதன் ஒன்பது கேள்வி வடிவமான பி.எச்.க்யூ-9 முழுவதையும் கேளுங்கள். அதில் 10-ஐத் தொட்டால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். கையில் கட்டு இருக்கும், எழுத முடியாது. வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டு வைத்த குழாய்) போட்டவர் விரல் காட்டியோ தலையசைத்தோ சொல்லட்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பி.எச்.க்யூ-9 கேட்கும் தூக்கமின்மை, அசதி, பசியின்மை மூன்றும் காயத்தாலேயே வரும். இரவெல்லாம் அரிக்கும் தோலோடு யார் தூங்குவார்? எனவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், மதிப்பெண் எந்தக் கேள்வியில் ஏறியது என்று பாருங்கள். அரிப்பையும் வலியையும் அடக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்க்கும் ஹாட்ஸ் (HADS) கேள்வித்தாள் இந்த வார்டுக்கு இன்னும் பொருத்தம்: பதற்றத்துக்கு 7 கேள்விகள், மனச்சோர்வுக்கு 7. ஏதாவது ஒரு பகுதியில் 8 முதல் 10 வரை வந்தால் கவனியுங்கள். 11 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.

பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இதில் 0 தவிர எது வந்தாலும் அன்றே விசாரிக்க வேண்டும். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. போலீஸ் பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார், தண்டனை இல்லை என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

டிரஸ்ஸிங் டிராலியின் சத்தத்துக்கே நடுங்குவது, தீக் கனவு, கேஸ் அடுப்பின் பக்கமே போகாதது ஆகியவை ஒரு மாதத்துக்குள் இருந்தால் கடும் அதிர்ச்சி எதிர்வினை. அதைத் தாண்டியும் நீடித்தால் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு). நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லாதீர்கள். அது நோயைத் தடுக்காது, சிலருக்குக் கூடுதலாகவே வலிக்கும்.

குழந்தைகளிடம் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் பேச்சு நின்றுபோவதும் அடையாளமாக இருக்கலாம். தாயின் குற்ற உணர்வையும் கூடவே கேளுங்கள்.

காயத்தின் சதவீதத்தை (உடலில் எவ்வளவு பரப்பு வெந்தது என்பதை) நம்பி யாரையும் விட்டுவிடாதீர்கள். முகத்திலோ கையிலோ சிறு தழும்பு பெரிதாக உலுக்கலாம். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முறை, பிறகு 1, 3, 6, 12 மாதங்களில் ஓ.பி.யில் கேளுங்கள். ஓ.பி.க்கு வராமல் போவதும், நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டிய பிரஷர் கார்மென்ட்டை (தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையை) கழற்றி வைப்பதும் மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். வீட்டுக்குப் போகுமுன் டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) 14416, பெண்களுக்கான உதவி எண் 181 ஆகியவற்றைக் கொடுங்கள்.

கேஸ் ஷீட்டில் மதிப்பெண்ணோடு தேதி, அன்று கொடுத்த வலி மருந்து, அருகில் யார் இருந்தார் என்பதையும் எழுதுங்கள்; அடுத்த முறை எண் மாறினால் ஏன் என்று பார்க்க அது வேண்டும்.