எலும்புக்கூடு வாங்கத் தேவையில்லை: உங்கள் உடம்பிலேயே தோலும் எலும்பும் படிக்கலாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் மகள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கையில் காலி வீதிக் கடையொன்றில் வாங்கிய எலும்புக்கூட்டுப் படம், சுருட்டி றப்பர் வளையம் போட்டபடி. "பெரியம்மா, 206 எலும்பாம். பாடமாக்கிப் பாடமாக்கிப் பார்க்கிறன், விடிஞ்சா ஒண்டும் ஞாபகத்தில இல்லை" என்றாள்.

படத்தை நான் விரிக்கவே விடவில்லை. "கையை நீட்டு பிள்ளை" என்றேன்.

அன்று பின்னேரம் நாங்கள் இருவரும் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதலுதவி வகுப்புகளில் பல வருடமாக இதே முறையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். படத்தில் பார்த்த எலும்பு மறந்துபோகும். தடவிப் பார்த்த எலும்பு மறக்காது.

தேவையானவை: கழுவினால் போகிற புருவப் பென்சில் ஒன்று, கைத்தொலைபேசி, ஒரு கிண்ணம் தண்ணீர், கதிரை. கடைசிப் படிக்கு மட்டும் சமைத்த கோழிக்கால் எலும்பு ஒன்றும் ஒரு போத்தல் வினாகிரியும். அடிபட்ட இடத்தையோ வீங்கிய மூட்டையோ அழுத்திப் பார்க்காதீர்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பாடப்புத்தகம் எலும்பை 'என்பு' என்றும், எலும்புகள் எல்லாம் சேர்ந்ததை 'வன்கூட்டுத்தொகுதி' என்றும் சொல்லும். சோதனை எழுதுகிறவர்கள் அப்படியே எழுதுங்கள். நான் எலும்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

படி 1: தோலில் தொடங்குங்கள்

உள்ளங்கையையும் புறங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைத்தொலைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். புறங்கையில் மயிர் இருக்கும், சின்னச் சின்ன முக்கோணங்கள் பின்னினதுபோல் கோடுகள் இருக்கும். உள்ளங்கையில் ஒரு மயிர்கூட இல்லை. எண்ணெய்ப் பசை தரும் நெய்ச்சுரப்பியும் அங்கே கிடையாது. ஆனால் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உண்டு. நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவரின் உள்ளங்கை ஈரமாவது அதனால்தான்.

இனிப் புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி உயர்த்தி விடுங்கள். உடனே தன் இடத்துக்குப் போய்விடும். உள்ளங்கையில் அப்படிக் கிள்ள வராது. அங்கே தோலைக் கீழே உள்ள இழையங்களோடு நார்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இல்லாவிட்டால் நாம் பிடிக்கிற தும்புத்தடி தோலோடு சேர்ந்து வழுக்கும்.

தோலில் இரண்டு படை. மேலே மேற்றோல், அதன் கீழே உட்டோல். உட்டோலுக்கும் கீழே கொழுப்புப் படையொன்று மெத்தைபோல இருக்கிறது. மேற்றோலையும் உட்டோலையும் பிரித்தறிய எங்கள் சமையலறையில் ஒரு வழி உண்டு, வேண்டுமென்று செய்யாதீர்கள்: தேங்காய் துருவும்போது திருவலையில் விரல் பட்டுவிடும். வெள்ளையாகச் சுரண்டுப்பட்டு இரத்தம் வராவிட்டால் போனது மேற்றோல் மட்டும். மேற்றோலுக்குள் இரத்தக் குழாயே கிடையாது. இரத்தம் துளிர்த்தால் உட்டோல்வரை போய்விட்டது. நரம்பு, இரத்தக் குழாய், வியர்வைச் சுரப்பி, மயிரின் வேர் எல்லாம் உட்டோல் பக்கத்துச் சமாச்சாரம்.

மேற்றோலின் அடித்தட்டில் புதுக் கலங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மேலே தள்ளப்பட்டு, வழியில் கெரற்றின் என்ற கடினமான புரதம் நிரம்பி, செத்து, கடைசியில் உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய 4 கிழமை. இமைமேல் மேற்றோல் கடதாசியைவிட மெல்லியது, உள்ளங்காலில் அதன் பல மடங்கு தடிப்பு. முழுத்தோலையும் விரித்தால் வளர்ந்தவருக்கு 1.5 முதல் 2 சதுர மீற்றர் வரும். ஒரு சேலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் செய்யும் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. கலியாணத் தரகர்கள் இதைக் கேட்டால் நல்லது.

படி 2: விரல்களைத் தண்ணீரில் விடுங்கள்

இந்தப் படியை வாசிக்கும்போதே ஒரு கையின் விரல்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருங்கள். சில நிமிடத்தில் நுனி சுருங்கும். தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். நரம்பின் கட்டளையில் உள்ளே இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன, மேலே தோல் மடிகிறது. நுனி சுருங்கிவிட்டதா? சரி, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், பென்சில் எடுக்க வேண்டும்.

படி 3: கையில் 27 எலும்பு

பெருவிரலைத் தொட்டு எண்ணுங்கள்: 2 துண்டு. மற்ற நான்கு விரலிலும் மும்மூன்று. மொத்தம் 14. ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் குறுக்கே கோடு போடுங்கள்.

இங்கேதான் எல்லோரும் ஒரு பிழை விடுவார்கள். கையைப் பொத்திப் பிடியுங்கள். மேலே நான்கு மொளி எழும்பும். அது விரலெலும்பின் தொடக்கம் என்று தோன்றும். உண்மையில் அது உள்ளங்கைக்குள் ஓடும் எலும்பின் தலை. அப்படியான உள்ளங்கை எலும்புகள் 5. புறங்கையில் மொளியிலிருந்து மணிக்கட்டுவரை விரலை இழுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் தடியாகத் தெரியும். விரல், உள்ளங்கைப் பக்கம் பார்க்கும்போது கட்டையாகவும் புறங்கைப் பக்கம் நீளமாகவும் தெரிவதற்கும் இதுதான் காரணம். விரலெலும்பு தொடங்குவது மொளியைத் தாண்டிய உடனே. ஆனால் உள்ளங்கைத் தோல், விரலின் அடிப்பகுதியையும் சேர்த்து மூடியிருக்கிறது.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள், இரண்டு வரிசை, கூழாங்கற்கள் மாதிரி. அவற்றைத் தனித்தனியாகப் பிடிப்பது கடினம். ஒன்று மட்டும் சுலபம்: உள்ளங்கைப் பக்கம், சின்னவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டுக் கோட்டில் ஒரு பட்டாணிக் கடலை தட்டுப்படும். 14, 5, 8: ஒரு கைக்கு 27.

படி 4: முன்கை, ஆரையும் அரந்தியும்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகச் செய்யுங்கள். நான் படிக்கிற காலத்தில் சோதனையொன்றில் முன்கையின் இந்த இரண்டு எலும்பையும் மாறி எழுதி, பேப்பர் கைக்கு வந்தபோது அழுதிருக்கிறேன்.

முழங்கை முனையைத் தொடுங்கள், மேசையில் ஊன்றும் அந்தக் கூர். அது அரந்தியின் மேல் முனை. அங்கிருந்து சின்னவிரல் பக்கமாக விரலை இழுத்துக்கொண்டே வாருங்கள். தோலுக்கு அடியிலேயே ஒரு விளிம்பு மணிக்கட்டுவரை வரும். புறங்கைப் பக்கம் மணிக்கட்டில் குமிழ்போல் நிற்பதும் அரந்திதான். முழுவதற்கும் கோடு போடுங்கள்.

பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை. இனி முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, உள்ளங்கையை வானம் பார்க்க வையுங்கள். அப்புறம் நிலம் பார்க்கத் திருப்புங்கள். மற்றக் கையால் முன்கையைப் பிடித்தபடி செய்தால் தெரியும்: அரந்தி அநேகமாக அதே இடத்தில் நிற்க, ஆரை அதன்மேல் குறுக்கே புரண்டு வருகிறது. கணிதத்தில் வட்டத்தின் ஆரை மையத்தைச் சுற்றுமே, அதை நினைத்துக்கொண்டால் போதும். சுற்றுவது ஆரை. தங்கை மகளின் முகம் அந்த நேரம்தான் மலர்ந்தது. கதவுக் குமிழைத் திருகுவதுபோலப் பத்துத் தடவை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்கு ஈரமான படியில் வழுக்கினால் கையை நீட்டித்தானே விழுவோம்? அப்போது பெரும்பாலும் முறிவது மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள ஆரை. பஸ் கம்பியில் முழங்கை இடிபட்டுச் சின்னவிரல்வரை மின்சாரம் ஓடுமே, அதில் எலும்புக்குப் பங்கில்லை. மேற்கை எலும்பின் உட்பக்க முடிச்சுக்குப் பின்னால் தோலோடு ஒட்டி ஒரு நரம்பு போகிறது, அடி அதில்தான் விழுகிறது.

படி 5: கழுத்துப் பள்ளத்திலிருந்து கீழே

கழுத்தடியில், நகைப் பதக்கம் தொங்கும் இடத்துக்கு மேலே ஒரு குழி இருக்கிறது. அதன் இரு பக்கமும் தோள்வரை ஓடுபவை காறையெலும்புகள். தடவிப் பார்த்தால் நேர்கோடு இல்லை, மெல்ல வளைந்து வளைந்து போகும். முழுக் கையும் எலும்பு வழியாக நெஞ்சோடு சேருவது, காறையெலும்பு மார்பெலும்பைத் தொடும் இந்த ஒரு மூட்டில்தான். தோட்பட்டை எலும்பு முதுகில் தசைகளில்தான் தொங்குகிறது.

குழியிலிருந்து மார்பெலும்பு வழியாக ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் இறங்கினால் குறுக்கே ஒரு மேடு. அதன் பக்கத்தில் தொடங்குவது இரண்டாவது விலா. மருத்துவர்கள் விலாவை எண்ணத் தொடங்குவதும் இங்கேதான். முதல் விலா காறையெலும்புக்குள் ஒளிந்திருப்பதால் அதைத் தேடி மினக்கெட வேண்டாம். விலா 12 சோடி, ஆணுக்கும் பெண்ணுக்கும். ஆணுக்கு ஒன்று குறைவு என்று சொன்ன மாமா ஒருவர் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார்.

தலையைக் குனியுங்கள். கழுத்தின் பின்னால் துருத்தி நிற்பது பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. கழுத்தில் 7, முதுகில் 12, இடுப்பில் 5, அதன் கீழே ஒட்டிப்போன திருவெலும்பும் வால் எலும்பும். முள்ளெலும்புகளுக்கிடையே கசியிழைய (குருத்தெலும்பு) வட்டுகள் மெத்தை வைத்தாற்போல் இருக்கின்றன. பகல் முழுக்க நம் பாரத்தில் அவை அமுங்குவதால், இரவு படுக்கும்போது காலையில் இருந்ததைவிட ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் குள்ளமாகத்தான் படுக்கிறோம். சுவரில் கோடு போட்டுப் பாருங்கள்.

படி 6: கால்

கதிரையில் இருந்து காலை நீட்டி, தொடையைத் தளர்த்துங்கள். முழங்காற்சில்லை இரு விரலால் பிடித்து இடமும் வலமும் அசைக்கலாம். தொடையை இறுக்கினால் அசையாது. அதன் கீழே முன்பக்கம் கத்தி விளிம்புபோல் இறங்குவது கணைக்காலின் உள்ளெலும்பு. அதற்குமேல் தசை இல்லை, தோல்தான். கட்டில் கால் பட்டால் உயிர் போவது அதனால். கணுக்காலின் உட்குமிழ் அதே எலும்பின் முடிவு. வெளிக்குமிழ் வேறு எலும்பு, பக்கத்தில் ஓடும் மெல்லிய வெளியெலும்பு. இரண்டில் எது கீழே இருக்கிறது என்று பாருங்கள். வெளிக்குமிழ்தான்.

பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் சேர்த்தால் 106. 206இல் பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலுமே முடிந்துவிட்டது என்று சொன்னதும் பிள்ளைக்குப் பாரம் குறைந்துவிட்டது.

படி 7: கோழிக்கால் எலும்பும் வினாகிரியும்

மதியக் கறியில் மிஞ்சிய கோழிக்கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவுங்கள். முனையில் வெள்ளையாக, பளபளவென்று, நகம் பதிகிற ஒரு தொப்பி இருக்கும். அதுதான் கசியிழையம், தமிழ்நாட்டில் குருத்தெலும்பு என்பார்கள். கடைக் கோழி சின்ன வயதிலேயே சட்டிக்கு வந்துவிடுவதால் அதன் முனைகளில் இது நிறைய இருக்கும். நமக்கும் அப்படித்தான். பிறக்கும்போது குழந்தைக்கு 270க்கு மேற்பட்ட எலும்புத் துண்டுகள். பிறகு பல ஒட்டி ஒன்றாகின்றன. பாட்டிமார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி, மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராத இடம்.

ஓர் எலும்பை உடைத்துப் பாருங்கள். உள்ளே கருஞ்சிவப்பாக இருப்பது மச்சை. இரத்தக் கலங்கள் பிறக்கும் இடம். வளர்ந்த மனிதருக்கு இந்தச் சிவப்பு மச்சை மார்பெலும்பு, விலா, முள்ளெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றில்தான் பெரும்பாலும் மிஞ்சும்.

இன்னொரு முழு எலும்பைப் போத்தலில் போட்டு, மூழ்க வினாகிரி ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், சின்னக் குமிழிகள் வரும். இரண்டு நாளுக்கொருமுறை வினாகிரியை மாற்றுங்கள். ஒரு கிழமையில் எடுத்து வளைத்தால் றப்பர்போல் வளையும். கல்சியம் உப்புகளை அமிலம் கரைத்துவிட்டது, மிஞ்சியிருப்பது கொலாஜன் என்ற புரத நார். காய்ந்த எலும்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த உப்புகள்தான். மாறாக எலும்பை நன்றாக எரித்தால் நார் போய் உப்பு மிஞ்சும், தொட்டாலே நொறுங்கும். அதைச் செய்யாதீர்கள். மாடிவீட்டில் எலும்பு எரித்தால் மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

உட்டோலின் உறுதிக்கும் காரணம் இதே கொலாஜன்தான். தோலுக்கும் எலும்புக்கும் இன்னொரு உறவும் உண்டு. வெயிலின் ஊதாக்கடந்த கதிர் பட்டால் மேற்றோலில் விற்றமின் டி உண்டாகத் தொடங்கும். அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பிறகுதான், சாப்பாட்டில் வரும் கல்சியத்தைக் குடல் ஒழுங்காக உறிஞ்சும். போதாவிட்டால் வளரும் பிள்ளையின் கால் எலும்பு மென்மையாகி வளையும், வினாகிரிப் போத்தலில் பார்த்ததுபோல. யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே கொழும்பில் வருடம் முழுக்க வெயில் எரித்தாலும், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

படி 8: கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவர் அவர் உடம்பில் ஓர் எலும்பைத் தொட வேண்டும். கட்டியவர் பெயர் சொல்ல வேண்டும். பத்துக்கு எட்டு வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். தங்கை மகள் ஒன்பது எடுத்தாள். பிறகு என் கண்ணைக் கட்டினாள். நானும் ஒன்பதுதான். தவறவிட்டது எந்த எலும்பு என்பதை இங்கே எழுதப் போவதில்லை.